சிக் ஃபானுக்கு முன்னால் ஒரு பேர்

சீனச் சாப்பாட்டுக் கடைக் குசினியில் இரவு வேலை செய்தவர்களுக்குத் தெரியும், அங்கே மொழி எங்களிடம் கட்டளையாகத்தான் வந்து சேரும். எண்பதுகளின் கடைசியில் லண்டனில் நான் கோப்பை கழுவினேன். எனக்குப் பிந்தி வந்த மன்னார் அன்ரன் மரக்கறி வெட்டினான். வேலையாட்கள் சாப்பிடும் வட்ட மேசையில், சீஃப் என்கிற பெரிய சமையல்காரர் பேர் சொல்லி "சிக் ஃபான்", அதாவது சாப்பிடு, என்று கூப்பிட்டால்தான் போய்க் கதிரையில் இருக்கலாம். அன்ரனை வந்த கையோடு கூப்பிட்டார். நான் கோப்பை கழுவும் தொட்டியடியில் நின்றபடி சாப்பிட்டேன்.

சை வுன்

நானும் விடவில்லை. லைப்ரரியில் சீஃப் பேசும் கன்ரனீஸ் மொழிக் கசெற் எடுத்து, வீடு திரும்பும் பிளேஸ்டோ பஸ்ஸில் வினைச்சொல் பாடமாக்கினேன். பக்கத்தில் அன்ரன் குறட்டை விடுவான். அந்தக் குறட்டையிலும் எனக்குப் பொறாமை. கசெற்றில் ஹோட்டல் அறை கேட்கச் சொல்லித் தந்தார்கள், கோப்பை கழுவ இல்லை. ஒருநாள், கழுவி முடித்துவிட்டேன் என்று சீஃபுக்குச் சொல்ல ஆசைப்பட்டு, தினமும் என் காதில் விழுகிறதை அதே சத்தத்தோடு சொன்னேன்: "சை வுன்." குசினி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அன்ரன் கிட்ட வந்து சொன்னான்:

"அண்ணை, கோப்பை கழுவு எண்டு அவர் உங்களுக்குச் சொல்லலாம். நீங்கள் அவருக்குச் சொல்லேலாது."

சௌ சின்

வேலை முடிந்து புறப்படுகிறவர் "சௌ சின்", நான் முதலில் போகிறேன், என்று சொல்ல வேண்டும். அன்ரன் கூச்சமில்லாமல் சொல்லிவிட்டுப் போவான், சீஃப் சிரித்துக் கையசைப்பார். வாசலில் நின்று வெறுமனே 'போறன்' என்று சொல்ல எனக்கு வாய் வருமா? உங்களுக்கும் வராது. போகிறதையும் வருகிறதையும் சேர்த்து, "ஹொய், லை", போட்டு வாறன், என்றேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தும்விட்டேன். சீஃப் கதவைப் பூட்டாமல் எனக்காகக் காத்திருந்திருக்கிறார். அடுத்த நாள் கேட்டார்:

"எங்கே போனாய், திரும்பி வர இவ்வளவு நேரம்?"

சிக் ஃபான்

வட லண்டன் எட்மண்டனில் சீஃபின் தம்பி திறந்த கடைக்கு அன்ரன் சமையல்காரனாகப் போனான். கைகொடுத்து அனுப்பினேன். உள்ளுக்குள் வயிறு எரிந்தாலும், இனி மேசையில் ஒரு கதிரை காலி என்று ஒரு ஆறுதல். அடுத்த நாள் சாப்பாட்டு நேரம் சீஃப் தொட்டிப் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்த்து, அன்பாகத்தான் கூப்பிட்டார்:

"அன்ரன், சிக் ஃபான்."

என் பேர் இன்னதென்று சொல்லும் பாடம் கசெற்றில் முதலாவதாக இருந்தது, ஆனால் நான் கதிரையை இழுத்து இருந்து, அந்தக் கடையை விடும்வரை அன்ரனாகவே சாப்பிட்டேன்.