மூன்று கல்வெட்டுகளும் ஒரு வாசிகசாலையும்

எங்கள் ஊர் வாசிகசாலையைத் தொடங்கியது யார் என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஒரே பதில்தான்: அப்பப்பா. அதில் சந்தேகம் கேட்டவர்களுக்குத் தேத்தண்ணி கிடைப்பது கஷ்டம். முன்னறைச் சுவரில் அவருடைய, அதாவது அப்பாவின் ஐயாவுடைய, படம் இருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, போட்டோக்காரனை நம்பாத ஒரு பார்வை. இடது தோளில் நாலு கோடுகள் மங்கலாகத் தெரியும். அது சால்வைக் கரை என்று அம்மா சொல்லுவா. ஐம்பது வயதுவரை நானும் அதைச் சால்வைக் கரை என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வாசிகசாலைதான் இப்போது பிரதேச சபை நூலகம். நான் அதன் நூலகர். அப்பப்பா தொடங்கிய இடத்தில் பேத்தி கதிரை போட்டு இருக்கிறாள் என்ற பெருமை எனக்கு உள்ளூர நிறையவே உண்டு.

போன வருடம் எங்களைப் போன்ற சின்ன நூலகங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். தொண்டர்கள் எழுதி நடத்தும் இணையக் கலைக்களஞ்சியத்தோடு நூலகங்கள் எப்படிச் சேர்ந்து வேலை செய்யலாம் என்பது விஷயம். அதில் யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்றார்கள். புத்தகத்தில் பென்சிலால் கோடு கீறுகிறவர்களையே வாசலில் மறித்து வைத்து ஏசுகிறவள் நான். ஆனால் பயிற்சி தந்த பெண் ஒன்று சொன்னார்.

“உங்கடை ஊரைப் பற்றி அச்சிலை வந்தது உங்கடை அலுமாரியிலை மட்டும்தான் கிடக்கு. நீங்கள் எழுதாட்டி வேறை ஆர் எழுதுறது?”

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. எங்கள் அலுமாரியில் கிடந்தவை பெரும்பாலும் கல்வெட்டுகள். கல்லில் வெட்டியவை அல்ல. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வந்தவர்களுக்கு ஒரு நினைவுப் புத்தகம் கொடுப்பார்கள். முன்னால் படம், பிறகு தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். அதைத்தான் கல்வெட்டு என்போம். வீட்டில் வைக்க இடமில்லாதவர்கள் நூலகத்தில் கொண்டுவந்து தருவார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியுமா, இறந்தவர் கோபித்துக்கொண்டால் என்ன செய்வது? வாசிகசாலையின் பழைய கூட்டப் பதிவேடுகள் எல்லாம் யுத்தகால இடம்பெயர்வோடு போய்விட்டன. கல்வெட்டுகள் மட்டும் எங்கிருந்தோ திரும்பத் திரும்ப வந்து சேர்ந்தன.

நான் எழுதிய முதல் கட்டுரை எங்கள் நூலகத்தைப் பற்றியது. ‘ஸ்தாபகர்’ என்ற இடத்தில் அப்பப்பாவின் பெயரைப் போட்டேன். சான்று, அவருடைய கல்வெட்டு. “வாசிகசாலையைத் தனியொருவராய் நின்று நிறுவிய பெருந்தகை” என்று அதில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கைபேசியைக் காட்டினேன். எண்பத்து நாலு வயது மனிதர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று தரம் வாசித்தார்.

“உது வெளிநாட்டிலையும் தெரியுமோ?”

“ஓம் அப்பா, உலகம் முழுக்கத் தெரியும்.”

அடுத்த நாள் கோயிலில் ஐயர் உட்பட ஒருவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவ்வளவு சந்தோசமாக நான் அவரைப் பார்த்துக் கனகாலம்.

அந்தச் சந்தோசம் ஒரு கிழமைதான். ஊரில் பிறந்து உடுவிலில் வாழ்க்கைப்பட்ட ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ரீச்சர் ஒருவர் எங்கள் நூலகத்துக்கு வருவார். ‘திருத்து’ என்ற பொத்தானை எப்படி அழுத்துவது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். அவர் நேரே எங்கள் நூலகக் கட்டுரைக்குப் போய், அப்பப்பாவை எடுத்துவிட்டுத் தன் தகப்பனாரைப் போட்டுவிட்டார். சான்று, அவருடைய கல்வெட்டு. அதிலும் “தனியொருவராய் நின்று.”

நான் மாற்றினேன். அவர் மாற்றினார். நான் மறுபடி மாற்றினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரே நாளில் ஆறு தரம்.

பிறகு நெல்லியடியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணை தொலைபேசியில் வந்தார். எங்கள் ஊர்ப் பூர்வீகம்தான். “தங்கச்சி, நீங்கள் ரெண்டுபேரும் மாறி மாறி அடிபடுறதைப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். வாசிகசாலையைத் தொடங்கினது எங்கடை தாத்தா. கல்வெட்டு என்ரை கையிலை இருக்கு,” என்றார். தனியொருவராய் நின்றோ என்று கேட்டேன். ஓம் என்றார், எப்படித் தெரியும் என்ற ஆச்சரியத்தோடு.

அன்று பின்னேரம் முகம் தெரியாத ஒரு தொண்டர் கட்டுரையை ஒருவரும் திருத்த முடியாதபடி பூட்டிவிட்டார். ஸ்தாபகர் என்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. கட்டுரையோடு சேர்ந்த உரையாடல் பக்கத்தில் மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்: சான்றுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. திருத்துபவர்கள் சம்பந்தப்பட்டவர்களின் உறவினர்போல் தெரிகிறது, அவர்கள் ஒதுங்கியிருப்பது நல்லது. வேறு சான்று கிடைத்தால் இங்கே தெரிவிக்கவும். ஊர்ச் சனத்தின் முன்னால் யாரோ காதைப் பிடித்துத் திருகியதுபோல் இருந்தது எனக்கு.

அப்பா வழமைபோல் கைபேசியைக் கேட்டார். கவரேஜ் இல்லை என்று பொய் சொன்னேன். மூன்றாம் நாள் அவரே யாரிடமோ கேட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

“ஐயாவின்ரை பேரை ஆர் எடுத்தது?”

சொன்னேன். சாப்பாட்டை அளைந்துவிட்டு எழும்பினார். உள்ளதைச் சொன்னால், நான் கட்டுரை எழுதாமலே இருந்திருந்தால் அவருக்கு இந்த வயதில் இந்தக் கவலை இல்லை. அந்த வெறுமையான இடம் என் கைவேலை.

அடுத்த சனிக்கிழமை காலை, மூன்று கல்வெட்டுகளோடும் மூன்று வீட்டாரையும் நூலகத்துக்கு வரச் சொன்னேன். அப்பாவும் சட்டை போட்டுக்கொண்டு, “நானும் வாறன்” என்று வந்து ஓட்டோவில் ஏறினார்.

ரீச்சரும் அப்பாவும் எதிரெதிரே இருந்தார்கள். வணக்கம்கூட இல்லை. ஹாட்வெயார் அண்ணை உளுந்து வடை வாங்கி வந்திருந்தார். ஒருவரும் தொடவில்லை. பேப்பர் வாசிக்க வந்தவர்கள் பக்கத்தைத் திருப்பாமல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடம் பொறுத்தேன். “அப்பா மேடையிலை பேசேக்கை எடுத்த படம் இது, எப்பிடிப்பட்ட மனிசன் எண்டு பாருங்கோ” என்று ரீச்சர் நாலாம் தரம் தொடங்கியபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. மூன்று படங்களையும் பறித்து ஸ்கான் பண்ணிக் கணினித் திரையில் ஒரே வரிசையில் வைத்தேன். யாருடையது முதலில் என்ற சண்டையும் வரும் என்று தெரியும். அதனால் ரீச்சரின் அப்பாவை நடுவில் போட்டேன். நடுவில் நிற்பவர் முதலும் இல்லை, கடைசியும் இல்லை.

ரீச்சரின் அப்பா இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு நின்றார். முழங்கைக்கு அங்கால் படம் வெட்டப்பட்டிருந்தது. தலைக்குப் பின்னால் ஒரு துணியில் “கசா” என்று இரண்டு எழுத்து. அது பின்னாலிருந்த கடை விளம்பரம் என்று ரீச்சர் வீட்டில் சொல்லியிருந்தார்களாம். என் பார்வை இடப்பக்கம் போனது. அப்பப்பாவின் தலைக்கு மேலே, நான் இதுவரை கவனிக்காத ஒரு “வாசி.” வலப்பக்கம் ஹாட்வெயார் அண்ணையின் தாத்தா. அச்சகத்தில் அவருடைய தோளில் ஒரு தாமரைப்பூவை அடித்திருந்தார்கள். அவர் தலைக்கு மேலே தனியாக ஒரு “லை.”

நான் படங்களைப் பெருப்பித்தும் சிறுப்பித்தும் எழுத்துகளை ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தேன். பிறகு மெல்ல நகர்த்தி ஒட்டினேன்.

வாசிகசாலை.

மூன்று இளந்தாரிகள் ஒரே பதாகையின் கீழே, ஒரே படத்தில் நின்றார்கள். நடுவில் நின்றவர் மேடையில் பேசவில்லை. இரண்டு பக்கமும் இரண்டு சிநேகிதர்களின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார். ஒரு கை தாமரைப்பூவுக்குள் போய் மறைந்தது. மற்றக் கையின் நாலு விரல்கள் எங்கள் வீட்டுச் சால்வைக் கரை.

“ஐயோ, அப்பா பேசேல்லையே,” என்றார் ரீச்சர். சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரிக்க ஹாட்வெயார் அண்ணையும் சிரித்தார். பேப்பர் வாசித்தவர்கள் எழும்பி வந்து கணினியைச் சுற்றி நின்றார்கள். யாரோ வடைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. திரைக்குக் கிட்டப் போய் அந்த விரல்களைத் தொட்டுப் பார்த்தார்.

“அது சால்வை இல்லை எண்டு எனக்குச் சின்னனிலையே தெரியும்,” என்றார். “ஆற்றை கை எண்டு ஐயாவை ஒருக்காக் கேட்டனான். பேசாமல் சாப்பிடு எண்டிட்டார். பிறகு நான் கேக்கேல்லை.”

அந்த மூன்றுபேருக்கும் ஏன் கோபம் வந்தது என்று அப்பாவுக்கு அரைகுறையாகத் தெரிந்திருந்தது. வாசிகசாலைக்கு ஒரு பேப்பர்தான் எடுக்க வசதி. ஒருவர் யாழ்ப்பாணப் பேப்பர் என்றார், ஒருவர் கொழும்புப் பேப்பர் என்றார், மூன்றாமவர் இங்கிலிஷ் பேப்பர் வேண்டும் என்றார். அவ்வளவுதான். செத்தவீட்டுக்குக்கூட ஒருவர் மற்றவர் வாசலுக்குப் போகவில்லை. “ஆர் வெண்டது?” என்று கேட்டார் ரீச்சர். அது அப்பாவுக்கும் தெரியவில்லை.

நாங்கள் கட்டுரையைத் தொடவில்லை, பட்டது போதும். ஒட்டிய படத்தையும் மூன்று கல்வெட்டுகளின் பக்கங்களையும் உரையாடல் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். இரண்டு நாளில் அந்த முகம் தெரியாத தொண்டர் எழுதினார்: “மூன்று சான்றுகளும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன.” எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. ஸ்தாபகர்கள் என்ற இடத்தில் மூன்று பெயர்களும், படத்தில் நிற்கும் ஒழுங்கில்.

வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாவிடம் கைபேசியைக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்தார். தன் ஐயாவின் பெயரை வாசித்தார். அதோடு நிறுத்துவார் என்று நினைத்தேன், நிறுத்தவில்லை. நான் பிறந்த நாள் முதல் எங்கள் வீட்டில் ஒருவர் வாயிலும் வராத அந்த இரண்டு பெயர்களையும், முன்னறைப் படத்துக்குக் கேட்கிற மாதிரி உரத்து வாசித்தார். பிறகு கைபேசியை என்னிடம் நீட்டினார்.

“பிள்ளை, ரீச்சருக்கு ஒருக்கா எடுத்துத் தா. நான் கதைக்கவேணும்.”