பேரா என்றால் பேரக்கா

தேங்காய்ப்பட்டணம் உபைது சவூதியில் ஏழெட்டு வருஷம் ஒரு சாப்பாட்டுக் கடை அடுப்பில் நின்றவன். சட்டி எவ்வளவு பெரிதானாலும் அசர மாட்டான். அவனை அசர வைத்தது சாமான்களின் பெயர். லிஸ்பனில் ஒரு ஓட்டலுக்குச் சமையலாள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முதலாளியம்மா வீடியோவில் வந்து போர்த்துக்கீசில் பெயர் சொல்லுவாள், இவன் பொருளை எடுத்துக் காட்ட வேண்டும். சவூதிக் கடை மூடியதிலிருந்து ஊரில் சும்மா இருக்கிறான். இதுவும் போனால் வேறு வழியில்லை.

அந்தப் பாஷை சொந்தக்காரன்போலச் சிரித்துவிட்டுக் காலை வாரியது. மேசைக்கு மேஸா, அன்னாசிக்கு அனனாஷ், சாயாவுக்கு ஷா. ஆமாம் என்பதற்கு சிம். போனுக்குள் கிடப்பதுதானே என்று முதல் நாளே பதிந்துவிட்டது. அந்த நம்பிக்கையில் ஷோக்கு என்றால் சாக்லேட் என்று நினைத்தான், கணவாய் மீனாம். பெரு என்றால் வான்கோழியாம். மண்டை காய்ந்தது.

எல்லாவற்றிலும் மோசம் பேரா. அது பேரிக்காய். ஆனால் உபைதுக்குப் பிறந்ததிலிருந்து பேரக்கா என்றால் கொய்யாதான். மனைவி இர்ஷாதா மேலப்பாளையத்துக்காரி. கொய்யாவைக் கொய்யா என்றுதான் சொல்லுவாள், அதற்காக அவனைக் கேலியும் செய்வாள். "பேரான்னா பேரிக்கா, கொய்யா இல்ல" என்று வாரம் முழுக்க ஒப்பிக்க வைத்ததும் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டம் சந்தையில் வாங்கியதெல்லாம் மேசையில் பரப்பியிருந்தது. போனுக்குப் பின்னால் இர்ஷாதா நின்றாள். அரிசி, பூண்டு, கணவாய் எல்லாம் சரியாகவே எடுத்தான். முதலாளியம்மா, "பேரா" என்றாள். இரண்டு பழமும் பக்கத்துப் பக்கத்தில். கை ஓடவில்லை. இர்ஷாதாவைப் பார்த்தான். அவள் கண்ணால் கொய்யாவைக் காட்டினாள். எடுத்தான்.

முதலாளியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "கொய்யாபா" என்றாள். கடல் தாண்டி இருப்பவளும் கொய்யாவைக் கொய்யா என்கிறாளே, பெண்டாட்டி கட்சிதானா என்று உபைதுக்குத் தலை சுற்றியது.

வேலை போயிற்று என்றே நினைத்தான். சாயங்காலம் செய்தி வந்தது: ஒரு பழம் தப்பினால் குற்றமில்லை, அடுத்த மாதம் வரலாம், சம்மதமா? துள்ளிக்கொண்டு அடுக்களைக்கு ஓடிச் சொன்னான். இர்ஷாதா அந்தக் கொய்யாவைக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிக்கொண்டிருந்தாள். முகத்தில் சந்தோஷம் இல்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"ஏட்டி, அது பேரா இல்லன்னு ஒனக்குத் தெரியும்லா?"

"தெரியும் மச்சான். தெரிஞ்சுதான் காட்டினேன்." அவள் நிமிரவில்லை. "மவ ஒங்கள போன்லயே பாத்து வளந்துட்டா. எனக்கும் இனி ஒத்தையில கெடக்க முடியாது."

உபைதுக்குக் கோபமா அழுகையா என்று தெரியவில்லை. கோபம் வந்தால் பிழைப்பு கண்ணில் நின்றது. பிழைப்பை நினைத்தால் அவள் குனிந்த தலை தெரிந்தது. போன் மறுபடி மணியடித்தது. முதலாளியம்மாதான், வருகிறாயா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

சிம் என்று சொன்னால் போதும். முதல் நாளே படித்த வார்த்தை. வாயில் வரவில்லை.