அப்பா கையெழுத்திட்ட படிவம்

மருத்துவபீடத்தில் மூன்றாம் வருடம் படிக்கும்போது, கண்தானத்துக்குக் கையெழுத்துச் சேர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்பது பொய். நானே போய்க் கேட்டு வாங்கினேன். எங்கள் வகுப்பில் எல்லோரும் மளமளவென்று கையெழுத்து வைத்தார்கள். விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் மட்டும் படிவத்தைத் திருப்பித் தந்தாள்.

"எங்கடை வீட்டில விடமாட்டினம். பொய்க்கு என்னெண்டு வைக்கிறது?"

"உப்பிடிப் பயந்தால் நீயெல்லாம் என்னெண்டு டொக்டராகப் போறாய்?" என்று எல்லோர் முன்னிலையிலும் நக்கலடித்தேன்.

அந்தச் சனிக்கிழமை சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டுக்குப் போய் அப்பாவிடமும் ஒரு படிவத்தை நீட்டினேன். மிளகாய்க்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்தவர், கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.

"செத்தாப்பிறகு உது எனக்கென்னத்துக்கு? ஆனா நீதான் சொல்லி எடுப்பிக்கவேணும் பிள்ளை. மறந்துபோகாதை."

அதைப் படம்பிடித்து வகுப்பின் வாட்ஸப் குழுவில் போட்டேன். பாராட்டு குவிந்தது. எனக்கு நிலத்தில் கால் படவில்லை.

அடுத்த வருடம் அப்பா தோட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்பே முடிந்துவிட்டது. அப்போது காலை பத்து மணி. சில மணித்தியாலங்களுக்குள் கண்ணை எடுத்துவிட வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். எடுக்க வருபவர்களின் இலக்கம் என் போனிலேயே இருந்தது.

முதலில் கனடாவில் இருக்கும் அண்ணைக்குச் சொன்னேன். படிவத்தைப் பற்றியும் சொன்னேன்.

"விசர்க்கதை கதைக்காதை. நான் வந்து அப்பான்ரை முகத்தைப் பாக்கவேணும். கண்ணிலை ஒருத்தரும் கைவைக்கக் கூடாது. நான் வருமட்டும் உடம்பு பழுதாகாமல் உடனை எம்பாம் பண்ணச் சொல்லு."

முகம் மாறாது, விழியின் மேலுள்ள மெல்லிய படலத்தைத்தான் எடுப்பார்கள், இமையை மூடினால் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு கூட்டத்திலும் நான் சொன்ன அத்தனையும் வாய்வரை வந்தது. ஆனால் அப்பாவின் கண்ணைத் தோண்டக் கொடுத்தவள் என்று சனம் சொல்லுமே என்று பயந்தேன். வேறு ஒரு காரணமும் இல்லை.

"ஓம் அண்ணை" என்றேன்.

நாலு நாள் அப்பாவை முன்விறாந்தையில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். அண்ணைக்கு லீவு கிடைக்கவில்லை. செத்தவீட்டை வீடியோக்காரர் நேரலையில் அனுப்பினார். நாலு நாள் காக்கவைத்த அண்ணை, கடைசியில் போனில் பார்த்தது கண்மூடிய முகத்தைத்தான்.

அறைத்தோழியும் வந்திருந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா விரும்பினமாதிரிக் கண்ணைக் குடுத்திட்டீங்கள்தானே?"

குத்தலுக்குக் கேட்கவில்லை. என்னை நம்பித்தான் கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஓம்" என்றேன்.

நான் விடுதிக்குத் திரும்பிய அன்று அவள் என் மேசையடிக்கு வந்தாள்.

"உன்ரை அப்பான்ரை கதையை வீட்டில சொன்னனான். அம்மா அழுதிட்டா. பிறகு ஓமெண்டிட்டா. எனக்கொரு படிவம் தா."

மிஞ்சிய படிவங்கள் ஓர் உறைக்குள் இருந்தன. அப்பாவின் படிவப் பிரதிதான் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. அதை அவள் காணாதபடி கையால் மறைத்துக்கொண்டு, கீழிருந்து புதிதாக ஒன்றை உருவிக் கொடுத்தேன்.