வால்வு சிவந்த நேரம்

என் வீட்டுக்காரர் பிரான்சுவாவை ஊரே சாது என்று சொல்லும். யார் சொன்னது? நாலு வருஷம் ஒருத்தன்மேல் வஞ்சம் வைத்திருந்த மனுஷர் அவர். தூபம் போட்டவள் நான், ஆரோக்கியம்.

பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்தே அவர் கல்லூரியில் பௌதிகக் கூடத்து ப்ரெப்பராத்தேர். பையன்கள் வருமுன் கருவிகளை எடுத்து, ஒயர் மாட்டி, சரிபார்த்து வைக்கிற வேலை. அங்கே பிரான்சிலிருந்து வந்த ரேடியோ ஆம்ப்ளிஃபையர் ஒன்று இருந்தது. பவர் சப்ளையிலிருந்து அதற்கு இரண்டு விதமாக மின்சாரம் கொடுக்க வேண்டும். முதலில், பல்பு மாதிரி இருக்கிற அதன் வால்வை அடக்கி வைக்கிற சின்ன மைனஸ் வோல்ட். அதற்குப் பிறகுதான் ஐந்நூறு வோல்ட். சின்னதை விட்டுவிட்டுப் பெரியதைக் கொடுத்தால், உள்ளே இருக்கிற தகடு நெருப்பாகச் சிவந்து வால்வு செத்துப்போகும். குருசுக்குப்பத்தில் மீன் வாங்கப் போகிற எனக்கே இது மனப்பாடம்.

ஐம்பத்தாறில் புதிதாக வந்த விரிவுரையாளர் இராமதாஸ், அவசரத்தில் ஐந்நூறை முதலில் கொடுத்துவிட்டார். வால்வு போயிற்று. உடைந்த சாமான்களை எழுதும் பதிவேட்டில், 'பிரான்சுவாவின் கவனக்குறைவு' என்று தன் கையால் எழுதினார். இவர் எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. மறுநாளிலிருந்து இவருக்கு கல்லூரி வாசலில் மணியடிக்கிற வேலை. இருபது வருஷம் கருவி தொட்ட கை! மாதா கோயிலில் பார்க்கிறவர்களெல்லாம், "என்னமோ எரிச்சிட்டீங்களாமே?" என்று விசாரித்தார்கள்.

"அந்தாளு வாயாலயே சொல்ல வைக்கணும்" என்று சோறு போடும்போதெல்லாம் சொன்னேன். அவர் தலை குனிந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்.

அறுபதில் பரீட்சை நடத்த மதராஸிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். ஆம்ப்ளிஃபையரை ஓட்டிக் காட்டச் சொன்னார். இராமதாஸ் அதன்பிறகு அதைத் தொட்டதே இல்லை. வேறு வழியில்லாமல் மணியடிக்கிறவரைக் கூப்பிட்டனுப்பினார். கூடத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு வால்வு.

இவர் போய் எல்லாவற்றையும் தயார் செய்தார். பவர் சப்ளையின் இரண்டு ஒயர்களை மட்டும் மாட்டாமல் மேசைமேல் வைத்துவிட்டு, சுவிட்சில் கைவைத்து நின்றுகொண்டார்.

"நீங்களே மாட்டுங்க சார். பெரியவர் பாக்கட்டும்."

இராமதாஸ் சின்ன ஒயரை மேசையிலேயே விட்டுவிட்டு, ஐந்நூறு வோல்ட் ஒயரைச் செருகினார். அதே தப்பு!

"போட்டுடவா சார்?"

"போடு, போடு."

போட்டார். வால்வுக்குள் தகடு மெல்லச் சிவந்தது.

"ஐயோ, அணை!" என்று இராமதாஸ் கத்தினார். ஐந்நூறு வோல்ட் ஒயரைப் பிடுங்க யாருக்கும் துணிச்சலில்லை. சுவிட்ச் இவர் கைக்குள் இருந்தது.

"ஐம்பத்தாறுல எரிச்சது யாரு சார்?"

"முதல்ல அணைய்யா!"

"சொல்லுங்க சார்."

"நான்தான்யா! நான்தான் எரிச்சேன்!"

மதராஸ்காரர் காதில் நன்றாக விழுந்தது. இவர் அப்போதும் அணைக்கவில்லை. சிவப்பு மஞ்சளாகி, கண்ணாடி விரிசல் விட்டு, வால்வு ஓய்ந்த பிறகுதான் சுவிட்சைத் தட்டினார்.

பதிவேடு வந்தது. மதராஸ்காரர் பார்த்துக்கொண்டிருக்க, இராமதாஸ் பழைய வரியை அடித்துத் தன் பெயரை எழுதினார். இவர் பேனாவை வாங்கி அதற்கடியில் எழுதினார்: 'பிரான்சுவா. தெரிந்தே எரித்தது.'

இராமதாஸ் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார். இவர் இன்றைக்கும் மணிதான் அடிக்கிறார்.

வால்வு எரிந்த அன்று ராத்திரி சாப்பாட்டின்போது எனக்குப் பொறுக்கவில்லை. "அவன் ஒத்துக்கிட்ட உடனே அணைச்சிருந்தா, கூடத்து வேலையே திரும்பக் கெடச்சிருக்குமே?" என்றேன்.

வெகுநாளைக்குப் பிறகு அவர் தலை நிமிர்ந்து சாப்பிட்டார்.

"நாலு வருஷம் செய்யாத தப்புக்கு மணி அடிச்சேன் ஆரோக்கியம். இனிமே செஞ்ச தப்புக்கு அடிக்கிறேன்."