அம்மாள் என்று படுத்திருந்த எட்டு நாள்

நெற்றியின் வலப்பக்கம் எரிந்தது. மறுநாள் கொப்புளங்கள் எழும்பி, இமை வீங்கி, மூக்கு நுனிவரை இறங்கிவிட்டன. கண்டவுடனே அம்மா கைகூப்பினா. "அம்மாள் வந்திட்டா. வேம்பு கட்டோணும். மருந்து ஒண்டும் குடுக்கக்கூடாது, கோவிப்பா."

கொப்புளிப்பானை, சின்னம்மையைத்தான், நாங்கள் அம்மாள் என்போம். அம்மாள் வந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. எனக்கென்ன, அறிவு மழுங்கியா போயிருந்தது? இரண்டு வருடத்துக்கு முன் தங்கச்சி தன் சிறுநீரகம் ஒன்றை எனக்குத் தந்தாள். என் உடம்பு அதைத் தள்ளிவிடாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் குளிசைகளைத் தினமும் விழுங்குகிறவன் நான். சின்னக் காய்ச்சலென்றாலும் ஓடிவா என்று கிளினிக்கில் படித்துப் படித்துச் சொன்னார்கள். அம்மாள் உடம்பெல்லாம் போடுவா. பாதி நெற்றியோடு நிற்கமாட்டா. அதையும் கண்ணாடியில் பார்த்தேன். பார்த்துவிட்டு வேப்பிலையில் போய்ப் படுத்தேன், மடையன்! குளிசையை மட்டும் அம்மாவுக்குத் தெரியாமல் விழுங்கினேன்.

எட்டாம் நாள் புத்தூரிலிருந்து தங்கச்சி வந்தாள். வாசலில் வேப்பங்குழையைக் கண்டதும் அவளுக்குக் கோபம் ஏறிவிட்டது.

"உங்களுக்கென்ன விசரே அண்ணை? கண்ணைத் திறவுங்கோ!"

திறந்தேன். வலக்கண்ணில் அவள் முகம் இல்லை, புகைதான் இருந்தது.

பெரியாஸ்பத்திரியில் கண் டொக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். சின்ன வயதில் வந்த கொப்புளிப்பானின் கிருமி நரம்புக்குள் பதுங்கிக் கிடந்ததாம். எதிர்ப்பில்லாத உடம்பென்று கண்டு, அக்கியாக எழும்பி, விழித்திரையைத் தின்றுவிட்டதாம்.

"இந்தக் கண் இனிச் சரிவராது. மற்றதுக்கும் போகலாம். இடக்கண்ணில கரும்புள்ளி மிதந்தால் உடனே வாங்கோ. அப்ப உந்தக் குளிசையளை நல்லாக் குறைக்கவேண்டி வரும். கிட்னி தாங்குமோ எண்டு சொல்லேலாது."

தங்கச்சி என் கையை விடவேயில்லை.

பல நாள் ஊசி மருந்து ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மா இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவவில் எனக்குக் கோபமில்லை, என்னில்தான்.

இன்று காலை தங்கச்சி தேத்தண்ணியோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் வெள்ளைச் சுவரில் மூன்று கரும்புள்ளிகள் நகர்ந்தன. கண்ணைத் திருப்பினேன், கூடவே வந்தன. என் கை, அவள் தந்த சிறுநீரகம் இருக்கும் அடிவயிற்றைப் பொத்திக்கொண்டது.

"கண் எப்பிடி அண்ணை?"

"நல்லாத் தெரியுது," என்றேன்.