‘லைன் ரெண்டு’ யாருக்குச் சொந்தம்?

போன் திருத்துகிற கடையில் முதலில் பழுதாவது போன் அல்ல, காத்திருக்கிறவரின் பொறுமை. கவுண்டருக்குப் பின்னால் ஒரு சனிக்கிழமையாவது நின்றவர்களுக்கு இது தெரியும், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். வயிறு நோகச் சிரிக்க ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் இப்போதே தரமாட்டேன். பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் எங்கள் கடையில் எதுவும் உடனே கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை.

அரை மணித்தியாலம்

கடை ஜெகன் மாமாவுடையது. அம்மாவின் தம்பி. எனக்குப் பதினேழு வயது, சனிக்கிழமைகளில் அவரோடு நிற்கிறேன். திரை உடைந்த போனோடு யார் வந்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "அரை மணித்தியாலத்தில வாங்கோ." அந்த அரை மணித்தியாலம் திங்கட்கிழமை வரைக்கும் நீளும். திட்டுவதற்கென்று ஆள் கடைக்குப் போன் அடித்தால் எடுப்பது நான். மாமாவைப் போலவே தொண்டையைச் செருமி, மாமாவின் குரலில், "சாமான் வழியில வந்துகொண்டிருக்கு அண்ணை" என்பேன். மெத்ரோ ரயிலில் அறிவிக்கிற பெண்ணின் குரலும் வரும், எங்கள் கணக்கு வாத்தியாரின் குரலும் வரும், ஆனால் வியாபாரத்துக்கு உதவுவது மாமாவின் குரல்தான்.

ஒருநாள் மாமாவே வெளியிலிருந்து கடைக்கு அடித்தார். நான் பழக்கத்தில் மாமாவாகவே எடுத்து, சாமான் வழியில் என்றேன். அவர் மெதுவாகக் கேட்டார்: "நான் அங்கை நிக்கிறனெண்டா, இஞ்சை நிக்கிறது ஆர்?"

மெத்தை

கடைக்கு எதிரே மெத்ரோப் பாலம். இரண்டாம் லைன் இந்த இடத்தில் நிலத்துக்குக் கீழே போகாமல் தலைக்கு மேலே போகும். ஒவ்வொரு ரயிலுக்கும் போன் கவர் தொங்குகிற கம்பியெல்லாம் கிலுகிலுக்கும். நான் பிறக்க முதல் இது கசெட்டும் சீடியும் விற்ற கடை. அப்போது பின்னறையில் மாமா ஒரு தமிழ் ராப் ஆல்பம் பதிந்தார். பெயர் ‘லைன் ரெண்டு’. சுவரில் மெத்தையைச் சாத்திப் பார்த்தும் ரயில் சத்தம் நிற்கவில்லை. அதனால் ஒரு ரயில் போய் அடுத்தது வருவதற்குள் முடிகிற மாதிரி எல்லாப் பாட்டையும் சுருக்கினார்களாம். அப்படியும் ஒவ்வொரு பாட்டின் வாலிலும் ஒரு ரயில் ஓடுகிறது.

இந்த வருசம் தாடி வைத்த ஒரு பிரெஞ்சுக்காரன் வந்தான். பழைய ராப் ஆல்பங்களைத் தேடிப்பிடித்து, மறுபடி இசைத்தட்டாக அடித்து, இணையத்திலும் விடுவது அவன் தொழில். எங்களிடம் மிஞ்சியிருந்த ஒரே சீடியைப் போட்டோம். மூன்றாவது பாட்டில் கீறல் பட்டுத் திக்கியது. அவன் கண்ணை மூடிக் கேட்டான். வேண்டும் என்றான், ஆனால் உரிமை உள்ள எல்லாரும் மாசக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், ஒருத்தர் மறுத்தாலும் அவன் தொடமாட்டான். பெயர்பெற்ற ராப் ஆல்பங்களே பாடினவர் ஒரு பக்கம், இசை செய்தவர் ஒரு பக்கம், கொம்பனி ஒரு பக்கம் என்று இழுபட்டுப் பெட்டிக்குள் கிடக்கின்றனவாம்.

"இது யாருக்குச் சொந்தம்?" என்று கடைசியாகக் கேட்டான். நான் மொழிபெயர்க்க முதலே மாமா தமிழில் சொன்னார்: "என்ன கேள்வி இது? மெத்தை என்ர."

ஒரு மீற்றர் தூரம்

பாட்டுகளை எழுதிப் பாடியவர் சுதன் அண்ணை. இப்போது புறநகர் பொண்டியில் பஸ் ஓட்டுகிறார். சீடி உறையில் மாமா தன் படத்தைப் பெரிதாகவும் அவருடைய படத்தை முத்திரை அளவிலும் போட்ட நாளிலிருந்து இரண்டு பேருக்கும் கதையில்லை. ஆனால் போன் உடைந்தால் சுதன் அண்ணை வேறு கடைக்குப் போகமாட்டார். ஒரு மீற்றர் தூரத்தில் நின்றுகொண்டு இரண்டு பேரும் என் வழியாகக் கதைப்பார்கள். தாடிக்காரன் வந்துபோனதைக் கேள்விப்பட்டு அவர் வந்த அன்றும் அப்படித்தான். "உன்ர மாமாட்டைச் சொல்லு, பாட்டும் என்ர, குரலும் என்ர. நான் மட்டும் கையெழுத்து வைச்சாக் காணும்." "அவரிட்டைச் சொல்லு மருமோன், நான் பதியாட்டி அவற்ற குரல் குளிக்கிற அறையைத் தாண்டியிராது." நான் ஒவ்வொன்றையும் சொன்னவரின் குரலிலேயே திருப்பிச் சொன்னேன். அன்றைக்கு இரண்டு பேரும் ஒன்றாகச் செய்த ஒரே வேலை என்னைத் திட்டியது.

மாமா பின்னறைக்குப் போனதும் சுதன் அண்ணை மகளின் படத்தைக் காட்டினார். நாள் முழுக்க ராப் கேட்கிற பிள்ளை. அப்பாவும் பாடினவர் என்றால் சிரிக்கிறாளாம். தேடிப் பார்த்தாளாம், ஒன்றும் வரவில்லையாம். படத்தை விரலால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "போனில இல்லையெண்டா அது நடக்கேல்லை எண்டுறாள், தம்பி."

முதல் பிரதி

எங்கள் ஆட்களின் வெளியீட்டு விழா உங்களுக்குத் தெரியும்தானே. புத்தகமோ சீடியோ, ஒரு பெரியவரை மேடைக்குக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, முதல் பிரதியைக் கையில் கொடுப்பார்கள். அவர் காசு வைத்த ஒரு என்வலப்பைக் கொடுப்பார். படம் எடுப்பார்கள். ‘லைன் ரெண்டு’வின் முதல் பிரதியை வாங்கியவர் பக்கத்து மளிகைக்கடை செல்வம் ஐயா. அந்தப் படம் அவருடைய கடையில் வெங்காய மூட்டைக்கு மேலே இன்றைக்கும் தொங்குகிறது.

தாடி வந்துபோன கதை கேட்டு ஐயா கோட் போட்டுக்கொண்டு வந்தார். ஆல்பம் தன்னுடையது என்றார். சட்டத்தில் அப்படி இல்லை ஐயா என்றேன். சட்டத்தில் இல்லாவிட்டாலும் ஐயாவைத் தள்ளிவைத்து மாமா ஒன்றும் செய்யமாட்டார், முழுத் தெருவும் கதைக்கும். அது தெரிந்த ஐயா, என்னைப் பாவமாகப் பார்த்து விளக்கினார்: "முதலாவதை எனக்குத் தந்தவை. மிச்சமெல்லாம் அதைப் பார்த்து அடிச்ச கொப்பிதானே, மகன்?"

வெட்டிய துண்டு

இசை செய்தவர் பத்ரிக் அண்ணன். புதுச்சேரிக் குடும்பம், மெரி என்கிற நகரசபையில் உத்தியோகம், சட்டைக் கை மடிப்புக் கலையாத மனிதர். அவர் சண்டைக்கே வரவில்லை. மற்ற மூன்று பேரும் ஒத்துப்போனால் தானும் கையெழுத்துப் போடுவாராம். அதாவது, ஒருநாளும் போடமாட்டார்.

அந்த ஆல்பத்தில் எல்லாருக்கும் பிடித்தது ஒரு நாதஸ்வரத் துண்டு. அது எப்படி வந்தது என்று கேட்டேன். கடையில் வேறு யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டுச் சொன்னார். பியர்ஃபித்தில் நடந்த ஒரு கலியாண வீடியோவிலிருந்து மாமாவும் அவரும் வெட்டியெடுத்ததாம். வாசித்தவர் ஜெர்மனியிலிருந்து வந்தவர், பெயர் யாருக்கும் ஞாபகமில்லை, அவரிடம் கேட்கவும் இல்லை. "உரிமைன்னு பார்த்தா அவர்தான் முதல்ல வந்து கேக்கணும். நல்ல வேளைப்பா, இந்தப் பக்கம் வரவே இல்ல."

வித்துவான்

நல்ல வேளையாக நான் இருக்கிறேன். சிரிப்பு வழியில் வந்துகொண்டிருக்கிறது, அவசரப்படாதீர்கள், இன்னும் அரை மணித்தியாலம். அடுத்த சனிக்கிழமை தேத்தண்ணி வாங்கப் போகிறேன் என்று வெளியே வந்து, இலக்கத்தை மறைத்து மாமாவுக்கு அடித்தேன். ஆயுள் முழுக்கக் கன்னத்தில் காற்றை நிரப்பிவைத்த ஒருவர் எப்படிக் கதைப்பாரோ, அப்படி. ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் ஒரு நீண்ட மூச்சு. "வணக்கம். ஜெர்மனியிலயிருந்து கதைக்கிறன். உங்கட பாட்டில என்ர நாதஸ்வரம் கேக்குதாம். கலியாணத்துக்கு ஊதினனான், கசெட்டுக்கு ஊதேல்லை. முழு ஆல்பமும் எனக்கு வேணும். வாற சனி மூண்டு மணிக்கு எடுப்பன், எல்லாரும் நிக்கவேணும்."

தேத்தண்ணியோடு திரும்பினால், மாமா யாரோ ஒருவருடைய போனைத் திறந்து வைத்துவிட்டு எந்த ஆணி எதற்கு என்று தெரியாமல் இருந்தார். தேத்தண்ணியைத் தொடவில்லை. "அந்த பஸ்காரனுக்கு அடி, மருமோன்" என்றார். நான் அடித்தேன். மணி போகத் தொடங்கியதும் கையை நீட்டினார்: "இல்லை, இஞ்சை கொண்டா, நானே கதைக்கிறன்."

மூன்று மணி

நான்கு பேரும் கடைக்குள். நான் வழக்கம்போல தேத்தண்ணிக்கு. மழை பிடித்துக்கொண்டதால் பாலத்துக்குக் கீழே ஒதுங்கி நின்று அடித்தேன். மாமா போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"ஆர் எழுதினது?" என்றார் வித்துவான். மாமா சொன்னார்: "சுதன். ஒரு சொல்லும் என்ர இல்லை." சுதன் அண்ணையின் குரல் அதன் மேலேயே வந்தது: "ஆனா ஜெகன் அண்ணை இல்லாட்டி இது இல்லை. படுக்கிற மெத்தையைச் சுவருக்குக் குடுத்திட்டு நிலத்தில படுத்த மனிசன்." பத்ரிக் அண்ணன், "துண்டை வெட்டுனது நான் சார், அவங்களைக் கேக்காதீங்க" என்றார். செல்வம் ஐயா இருமிவிட்டு, "நான் சும்மா மேடையில நிண்டு வாங்கினனான்" என்றார். நான் எழுதிவைத்திருந்த மிரட்டல் எல்லாம் வீண். "அப்ப இது ஆருக்குச் சொந்தம்?" என்று மட்டும் கேட்டேன். மாமா சொன்னார், "எங்கள் நாலு பேருக்கும். உங்களைக் கேக்காமல் எடுத்தது பிழை, ஐஞ்சாவது ஆள் நீங்கள். இண்டைக்கே கையெழுத்து வைக்கிறம்." வித்துவானின் நீண்ட மூச்சை விடவே மறந்துபோனேன்.

அப்போதுதான் தலைக்கு மேலே ரயில் வந்தது. என் போனுக்குள் கவர் கம்பிகள் கிலுகிலுத்தன. கடைக்கு எதிரேயும், மாமாவின் ஸ்பீக்கருக்குள்ளும், ஒரே ரயில், ஒரே நேரத்தில். ஒவ்வொரு பாட்டின் வாலிலும் அதையே கேட்டுக் கேட்டுத் திட்டிய மனிதர் மாமா. அவர் ஸ்பீக்கரை நிறுத்தினார், எதிரொலி நின்றது. போனைக் காதோடு வைத்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "ஓம் வித்துவான், ஜெர்மனியிலயும் எங்கட லைன் ஓடுதோ? சரி, நனையாமல் வாங்கோ. வரேக்கை ஐஞ்சு தேத்தண்ணி."

நாலு கையெழுத்தும் அன்றைக்கே விழுந்தன. ஆக, ‘லைன் ரெண்டு’வுக்கு இப்போது ஐந்து உரிமையாளர்கள், உண்மையான ஐந்தாமவரை ஜெர்மனி முழுக்கத் தேடிப்பிடிக்கிற உரிமை மட்டும் எனக்கு.