அந்த ஆல்பத்தில் மிதிப்பது என் கால்

மாமா பொய் சொல்கிறார். எங்கள் ராக் இசைக்குழுவின் புது ஆல்பத்தைப் பற்றிப் பேட்டி எடுப்பவர்களிடமெல்லாம், டிரம்ஸ் வாசித்தவன் வேலைப்பளுவால் தானே விலகிக்கொண்டான் என்கிறார். நான் விலகவில்லை. அதற்கு என் மூன்றடுக்கு டிபன் பாக்ஸ்தான் சாட்சி.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். பாடுவதும் கிதார் வாசிப்பதும் அவர்தான். நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பதினோரு வருடமாக இரும்புத் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டுகிறேன். தகட்டை அச்சில் வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், அதன் பிறகுதான் பெடலை மிதிக்க வேண்டும். வரிசை மாறினால் விரல் போய்விடும். எனக்குப் பத்து விரலும் இருப்பது அந்த வரிசையால்தான். ஷிப்ட் முடிந்ததும் புதுவாயலில் ஒரு கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு நாங்கள் நான்கு பேரும் வாசிப்போம். அந்த அறைக்குள் மட்டும் நான் பிரஸ்காரன் இல்லை என்று நினைத்திருந்தேன்.

முதல் ஆல்பம் முழுக்க இரைச்சல். இரண்டாவதில் மாமா எல்லாவற்றையும் மாற்றினார். கிதாரின் கரகரப்பைக் குறைத்தார், கத்துவதை விட்டார், பாட்டுக்கு நடுவே மௌனம் வைத்தார். நல்ல யோசனைதான், இப்போதும் சொல்வேன். ஆனால் அந்த மௌனத்தில் என் குறை வெளியே தெரிந்துவிட்டது. பெரிய டிரம்மின் பெடலை மிதிக்கும் முன் என் இரண்டு கையும் தாமாகவே பின்னால் போய்விடும். சேர்ந்து விழவேண்டிய அடி சேர்ந்து விழவில்லை.

"இன்னா மச்சான், டிரம்மு வெரல கடிச்சிடுமா?" என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கம்பெனி பஸ்ஸில் தொடையில் தட்டித் தட்டிப் பழகினேன். தொடையில் சரியாக வந்தது. பெடலில் கால் வைத்ததும் கை ஓடியது.

ஒருநாள் மாமா, "அந்த பிரஸ்ஸு சத்தத்த புட்ச்சிக்கினு வாடா. கேட்டுக்கினே உன்ன சரி பண்ணிடலாம்" என்றார். நம்பினேன். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. டிபன் பாக்ஸின் அடித்தட்டில் போன், மேலே இரண்டு தட்டில் எலுமிச்சைச் சோறு. பிரஸ் அருகே தட்டுகளைப் பிரித்து வைத்துப் பதிவு செய்தேன். மாட்டியிருந்தால் வேலை போயிருக்கும். பதிவை மாமாவிடம் கொடுத்த பிறகு அவர் என்னை வாசிக்கக் கூப்பிடவே இல்லை.

ஆல்பம் வந்தபோது அதில் டிரம்ஸே இல்லை. எல்லாப் பாட்டிலும் அந்தப் பிரஸ் சத்தம். என் பெயர் எங்கேயும் இல்லை. மெஷினையே வாசிக்க வைத்துவிட்டார் என்று மாமாவைப் பாராட்டுகிறார்கள். பிரஸ் தானாக இறங்காது ஐயா. ஒவ்வொரு இடிக்கு முன்னாலும் சின்னதாக ஒரு இடைவெளி கேட்கிறதே, அது நான் கையை எடுக்கும் நேரம். எதைக் குறை என்று சொல்லி என்னை எடுத்தாரோ, அதையே வைத்துக்கொண்டார்.

"ஊட்டுக்குள்ள பேசிக்கலாம்டா, வெளிய சொல்லி பேஜாரு பண்ணாத" என்கிறாள் அக்கா. வீட்டுக்குள் பேச்செடுத்தால் மாமா டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்.

கம்பெனி பஸ்ஸில் இப்போது அந்தப் பாட்டுதான் ஓடுகிறது. போகும்போதும் பிரஸ், உள்ளேயும் பிரஸ், திரும்பும்போதும் பிரஸ். அதே டிபன் பாக்ஸ் என் மடியில் இருக்கிறது, மூன்று தட்டிலும் சோறோடு. அதில் போன் கொண்டுபோனதை இங்கே எல்லாரும் படிக்க எழுதிவிட்டேன், வேலை போகலாம். தெரிந்துதான் எழுதுகிறேன்.

மாமா, அடுத்த மேடையில் முதல் பாட்டுக்கு முன்னால் மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள். அந்தப் பெடலில் இருப்பது யார் கால்?